செவிலிமேட்டில் ப்ளூபெர்ரி ஏன் வளர்வதில்லை?

ஐஸ்கிரீம் கடைப் பலகையிலும் கேக் படங்களிலும் ஆங்கிலப் படக்கதைகளிலும் நம் மாணவர்கள் ஒரு பழத்தை அடிக்கடி பார்க்கிறார்கள். நாவற்பழத்தைவிடச் சிறியது, உருண்டையானது, கருநீல நிறம், மேலே சாம்பல் பூசியதுபோல ஒரு மெழுகுப் படலம், உச்சியில் சிறு கிரீடம். அதுதான் ப்ளூபெர்ரி. "டீச்சர், இதை நம்ம பள்ளித் தோட்டத்துல வைக்கலாமா?" என்று ஒரு மாணவர் கேட்டால் என்ன சொல்வோம்? "அது குளிர்தேசத்துச் செடிப்பா, நம்ம ஊர் வெயிலுக்கு வராது" என்போம்.

அந்த விடை தவறில்லை. ஆனால் அது பாதி விடை. மீதிப் பாதி மண்ணுக்கு அடியில் இருக்கிறது. அதைத் தேடிப் போனால் அறிவியல் பாடத்தின் பல பகுதிகள் ஒரே செடியில் வந்து சேர்கின்றன. ப்ளூபெர்ரியை ஒருமுறைகூடத் தொட்டுப் பார்க்காத வகுப்பிலும் இந்தப் பாடத்தை நடத்தலாம். தேவையானவை எல்லாம் செவிலிமேட்டிலேயே இருக்கின்றன.

செடியை அறிவோம்

கடைகளில் விற்கும் ப்ளூபெர்ரியில் பெரும்பகுதி 'ஹைபுஷ்' எனப்படும் உயரப் புதர் வகை. வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிச் சதுப்புக் காடுகளே இதன் தாயகம். ஓர் ஆள் உயரத்துக்கு, சில சமயம் அதற்கும் மேலே வளரும். இலையுதிர் காலத்தில் இலைகள் சிவந்து உதிரும். அடுத்த ஆண்டுப் பூவுக்கான மொட்டுகள் முந்தைய ஆண்டே கிளை நுனிகளில் உருவாகி, குளிர்காலம் முழுவதும் உறங்கும். வசந்தத்தில் மணிபோலத் தொங்கும் வெள்ளைப் பூக்கள், கோடையில் பழம். நட்ட மூன்றாம் ஆண்டு வாக்கில் காய்க்கத் தொடங்கினாலும், முழு விளைச்சலுக்கு ஏழெட்டு ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும்.

முதல் விடை: குளிர்

மிச்சிகன், மெய்ன் போன்ற அமெரிக்க வட மாநிலங்களிலும் கனடாவிலும் குளிர்காலம் மாதக்கணக்கில் நீளும். நடுக் குளிர்காலத்தில் நான்கு நாள் வெயில் அடித்ததும் ஒரு செடி துளிர்த்துவிட்டால் என்ன ஆகும்? அடுத்த பனியில் தளிரெல்லாம் கருகிவிடும். இந்த ஏமாற்றத்திலிருந்து தப்பிக்கச் செடிக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. ஏறத்தாழ 0 முதல் 7 டிகிரி செல்சியஸ் வரையிலான குளிரில் எவ்வளவு நேரம் கழிந்தது என்பதை மொட்டுகள் உணர்கின்றன. வடபகுதி ஹைபுஷ் வகைகளுக்குப் பொதுவாக 800 முதல் 1000 மணி நேரக் குளிர் தேவை. அது நிறைவேறிய பிறகு வெப்பம் வந்தால்தான் ஒழுங்காகத் துளிர்க்கும். இதைத் தோட்டக்கலையில் 'குளிர் மணி நேரம்' என்கிறார்கள்.

1000 மணி நேரம் என்பது எத்தனை நாள் என்று மாணவர்களைக் கணக்கிடச் சொல்லுங்கள். 24ஆல் வகுத்தால் ஏறத்தாழ 42 முழு நாள்கள். காஞ்சிபுரத்தில் மார்கழி விடியலிலும் வெப்பநிலை 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஆகவே செடியின் கணக்கில் நம் ஊரின் பங்கு பூச்சியம்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு மொட்டும் தனித்தனியே வைத்திருக்கிறது. ஒரு கிளைக்கு மட்டும் குளிர் கிடைத்தால் அந்தக் கிளைதான் முதலில் துளிர்க்கும். மொத்தச் செடிக்கும் சேர்த்து ஒரே கடிகாரம் இல்லை.

குளிர் அளவு மீறினாலும் ஆபத்துதான். கடுங்குளிர் மின்னசோட்டா மாநிலத்துக்காக, அங்குள்ள பல்கலைக்கழகம் 1980களில் குட்டைப் புதர் வகைகளை வெளியிட்டது. குட்டைச் செடிக்கு என்ன நன்மை? பனி பொழிந்ததும் அது பனிக்குள் மூடப்பட்டுவிடும். வெண்பனிக்குள் காற்று அடைபட்டிருப்பதால் அது கம்பளிபோல வெப்பத்தைக் கடத்தாமல் காக்கிறது. மேலே வீசும் உறைகாற்றில் பட்டுப்போகும் மொட்டுகள், பனிக்கு உள்ளே பிழைத்துக்கொள்கின்றன. வெப்பக் கடத்தல் பாடத்துக்கு இதைவிட வியப்பான எடுத்துக்காட்டு கிடைப்பது கடினம்.

விடையைச் சோதிப்போம்

இப்போது மாணவர்களிடம் கேளுங்கள்: "குளிர்தான் காரணம் என்றால், குளிரே இல்லாத ஊர் எதிலும் இது வளரக்கூடாது அல்லவா?"

ஆனால் வளர்கிறது. வெப்பமான ஃப்ளோரிடாவில், அங்கே இயற்கையாக வளரும் பசுமைமாறாத உறவுச் செடியோடு வடபகுதி வகைகளைக் கலந்து, குறைந்த குளிரே போதுமான புதிய வகைகளை உருவாக்கினார்கள். இவற்றுக்குத் தென்பகுதி ஹைபுஷ் என்று பெயர். இவற்றில் சில, 200, 300 மணி நேரக் குளிரிலேயே பூக்கும். இன்று ப்ளூபெர்ரி ஏற்றுமதியில் உலகில் முன்னணியில் நிற்பது தென் அமெரிக்காவின் பெரு நாடு. பனியே பெய்யாத அதன் கடலோரப் பாலைநிலத்தில் இந்தச் செடிகள் இலைகூட உதிர்க்காமல் காய்க்கின்றன.

குளிர் விஷயத்தில் செடி மனிதனோடு சமரசம் செய்துகொண்டது. ஆனால் ஒன்றை மட்டும் அது எங்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பெருவின் தோட்டங்களில் சொட்டுநீரோடு அமிலம் கலந்து விடுகிறார்கள். ஃப்ளோரிடாவில் பைன் மரப்பட்டைத் துண்டுகளைக் கொட்டி அதில் நடுகிறார்கள். மிச்சிகனில் நடுவதற்கு ஓராண்டு முன்பே மண்ணில் கந்தகத்தைக் கலந்து வைக்கிறார்கள். மண்ணிலுள்ள பாக்டீரியா அதை மெல்ல மெல்லக் கந்தக அமிலமாக மாற்றும். மூன்று ஊர்களிலும் நடக்கும் வேலை ஒன்றே: வேர் இருக்கும் இடத்தை அமிலமாக வைத்திருப்பது.

இரண்டாம் விடை: அமில மண்

இதைக் கண்டறிந்த கதையே ஒரு நல்ல அறிவியல் பாடம். நூற்றாண்டுக்கு முன்புவரை ப்ளூபெர்ரி காட்டில் பறிக்கும் பழம் மட்டுமே. தோட்டத்தில் வைத்தவர்கள், நல்ல செடிக்குச் செய்வதை எல்லாம் இதற்கும் செய்தார்கள். வளமான மண், தொழு உரம், சுண்ணாம்பு. செடி நலிந்தது. அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் ஃபிரெடரிக் கோவில் 1906இல் சோதனைகளைத் தொடங்கி, 1910இல் முடிவுகளை வெளியிட்டார். இந்தச் செடிக்கு வேண்டியது தோட்டக்காரர்கள் 'நல்ல மண்' என்று கருதும் மண் அல்ல. பாதி மட்கிய இலைதழைகள் நிறைந்த அமில மண் என்று அவர் காட்டினார்.

அந்த அறிக்கையைப் படித்தவர் நியூ ஜெர்சியில் குடும்பப் பண்ணையை நடத்திவந்த எலிசபெத் வைட். 1911இல் கோவிலுக்கு எழுதித் தம் நிலத்தைச் சோதனைக்குத் தந்தார். சுற்றுவட்டாரக் காட்டில் பழம் பறிப்பவர்களிடம், ஏறத்தாழ 16 மில்லிமீட்டர் துளையிட்ட ஓர் அளவுத் தகட்டைக் கொடுத்தார். அந்தத் துளைக்குள் நுழையாத அளவுக்குப் பெரிய பழம் காய்க்கும் புதரைக் காட்டியவர்களுக்குப் பணம் கொடுத்தார்; புதருக்கும் அவர்கள் பெயரையே வைத்தார். ரூப் லீக் என்பவர் காட்டிய புதர் 'ரூபெல்' என்ற பெயரில் இன்றும் பயிராகிறது. 1916இல் முதல் விளைச்சல் சந்தைக்குப் போனது. ஓர் ஆய்வாளர், ஒரு விவசாயி, காட்டை அறிந்த மக்கள் என மூவர் அறிவும் சேர்ந்துதான் ஒரு பயிர் பிறந்தது.

அமில மண் எதற்கு? பிஎச் அளவுகோலில் 7 நடுநிலை. ப்ளூபெர்ரிக்குப் பிடித்தது ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை. தயிரின் பிஎச் ஏறத்தாழ 4.5 என்று சொன்னால் மாணவர்களுக்குப் புரியும். இந்த அளவுகோலில் ஒரு படி என்பது பத்து மடங்கு. பிஎச் 7.5 உள்ள மண்ணைவிட 4.5 உள்ள மண்ணில் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 1000 மடங்கு அதிகம். 'மூன்றுதானே வித்தியாசம்' என்று நினைக்கும் மாணவருக்கு இங்கேதான் மடக்கையின் பொருள் விளங்கும்.

மண்ணில் இரும்பு எங்கும் இருக்கிறது. ஆனால் நடுநிலையைத் தாண்டிக் காரத்தன்மை ஏற ஏற, இரும்பு நீரில் கரையாத சேர்மங்களாக மாறிவிடுகிறது. பூட்டிய பெட்டியில் இருக்கும் பணம்போல, இருந்தும் பயனில்லை. நெல், வெண்டை, முருங்கை போன்றவை அந்தப் பூட்டைத் திறக்கப் பலவிதங்களில் பழகியவை. ப்ளூபெர்ரி அமில மண்ணிலேயே வாழ்ந்து வந்ததால் அந்தப் பழக்கம் அதற்கு இல்லை. இரும்பு இல்லாமல் பச்சையம் உருவாகாது. நரம்பு பச்சையாக இருக்க, இளந்தளிரின் மற்ற பகுதி மஞ்சளாகும். பிறகு செடி வாடிச் சாகும்.

மூன்றாம் விடை: வேரின் கூட்டாளி

பெரும்பாலான செடிகளின் வேரில் மெல்லிய வேர்த்தூவிகள் இருக்கும் என்று பாடத்தில் படிக்கிறோம். ப்ளூபெர்ரியில் அவை இல்லை. மயிரிழைபோன்ற நுண்வேர்களுக்குள் ஒருவகைப் பூஞ்சை குடியிருக்கிறது. மட்கிய இலைக்குள் சிக்கியிருக்கும் நைட்ரஜனை அது எடுத்துச் செடிக்குத் தருகிறது. செடி அதற்குச் சர்க்கரை தருகிறது. சத்துக் குறைந்த சதுப்பு நிலத்தில் இந்தச் செடி பிழைத்தது இந்தக் கூட்டுறவால்தான். வேர் மேலாகவே படர்வதால் காய்ச்சலையும் தாங்காது, தண்ணீர் தேங்குவதையும் தாங்காது. மரத்தூளையோ மரப்பட்டையையோ மூடாக்காக இட்டு, ஈரத்தை ஒரே சீராக வைத்திருக்க வேண்டும்.

நம் மலையில் ஓர் உறவினர்

இந்த விடைகள் சரியா என்று பார்க்க அமெரிக்காவரை போகவேண்டியதில்லை. நீலகிரி, பழனி மலைகளின் சோலைக்காடுகளில் ப்ளூபெர்ரியின் பேரினமான வாக்சினியத்தைச் சேர்ந்த செடிகள் இயற்கையாகவே வளர்கின்றன. ஒன்றுக்கு நீலகிரியின் பெயரையே சேர்த்து 'வாக்சினியம் நீல்கெரென்ஸ்' என்று பெயர். மற்றொன்றான 'வாக்சினியம் லெஷெனோல்டி', 1816இல் புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷெனோவின் நினைவாகப் பெயர்பெற்றது. இரண்டுக்கும் பெயரிட்டவர் தென்னிந்தியத் தாவரங்களை விரிவாக ஆராய்ந்த ராபர்ட் வைட். சிறு மணி வடிவப் பூக்களும் உருண்டைப் பழங்களும் குடும்ப உறவைக் காட்டிக் கொடுக்கும். அதே சோலைகளில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு என்னும் ரோடோடெண்ட்ரான் மரமும் இந்தக் குடும்பம்தான்.

ஊட்டியில் உறைபனி விழும். ஆனால் மிச்சிகனின் நீண்ட பனிக்காலம் அங்கே இல்லை. பிறகு இந்தக் குடும்பம் அங்கே எப்படி நிலைத்தது? மழை பல்லாயிரம் ஆண்டுகளாகச் சுண்ணாம்புச் சத்தைக் கழுவிச் சென்ற, இலைமட்கு நிறைந்த அமில மண் அங்கே இருக்கிறது. தேயிலைக்கும் வேண்டியது அதே அமில மண்தான். நீலகிரியில் தேயிலை செழிக்கக் காரணம் மலைக்காற்று மட்டுமல்ல என்பதை மாணவர்கள் இங்கே தாங்களாகவே சொல்லிவிடுவார்கள்.

பூவின் பூட்டு

இன்னொரு சிக்கல் பூவில் இருக்கிறது. ப்ளூபெர்ரியின் மகரந்தப்பை செம்பருத்தியில் உள்ளதுபோல வெடித்துத் தூளைக் கொட்டாது. உப்புக் குடுவைபோல நுனித் துளை வழியாகத்தான் தூள் வெளியே வரும். பம்பிள் தேனீக்கள் பூவைப் பற்றிக்கொண்டு, இறக்கையை விரிக்காமலேயே மார்புத் தசையை அதிரவைத்துத் தூளை உதிர்க்கின்றன. நம் தேன்கூட்டுத் தேனீக்களுக்கு இந்த வித்தை தெரியாது.

செவிலிமேட்டில் இதற்கு எடுத்துக்காட்டு உண்டா? உண்டு. கத்தரிப்பூவும் தக்காளிப்பூவும் இதே பூட்டை வைத்திருக்கின்றன. கத்தரிப்பாத்தியில் காலை வேளையில் நின்றால், மரக்கட்டையில் துளையிட்டு வாழும் பெரிய கருவண்டும், வயிற்றில் நீலப் பட்டை உள்ள தேனீயும் பூவைப் பிடித்து 'ம்ம்ம்' என்று அதிர்வதைக் கேட்கலாம். அந்த ஒலி பறக்கும் ஒலியைவிட உச்சமாக இருக்கும்.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. சங்குப்பூ நிறமாற்றம் (தொடக்க வகுப்புகள்): நீலச் சங்குப்பூவை வெந்நீரில் ஊறவைத்து வடிகட்டுங்கள். மூன்று குவளைகளில் ஊற்றி, ஒன்றில் எலுமிச்சைச் சாறு, ஒன்றில் சமையல் சோடா கரைசல் சேர்த்து, ஒன்றை அப்படியே விடுங்கள். நீலம் ஒருபுறம் ஊதாவாகவும் இளஞ்சிவப்பாகவும், மறுபுறம் பச்சை கலந்தும் மாறும். ப்ளூபெர்ரிக்கும் நாவற்பழத்துக்கும் நிறம் தருவது இதே ஆந்தோசயனின் குடும்பம்தான். நாவல் காய்க்கும் காலத்தில் பழச்சாற்றைக் கொண்டும் செய்து பார்க்கலாம்.

2. மண்ணின் பிஎச் (மேல்வகுப்புகள்): பள்ளி வளாகத்தில் நான்கு இடங்களிலிருந்து மண் எடுங்கள்: கட்டடச் சுவர் ஓரம், மரத்தடி, காய்கறிப் பாத்தி, மைதானம். முடிந்தால் பாலாற்றுக் கரை மணலும் சேர்க்கலாம். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு காய்ச்சி வடித்த நீர் ஊற்றிக் கலக்கித் தெளியவைத்து, பிஎச் தாளால் சோதியுங்கள். இந்தச் சிறு வேறுபாடுகளைச் சங்குப்பூ நீர் தெளிவாகக் காட்டாது என்பதால் பிஎச் தாளே பொருத்தம். விவசாயக் குடும்பத்து மாணவர்கள் வீட்டிலுள்ள மண்வள அட்டையைக் கொண்டுவந்தால், அதிலுள்ள கார அமில நிலையோடு ஒப்பிடலாம்.

3. இட்லிப்பூச் செடியின் சாட்சி: பெரும்பாலான பள்ளிகளில் இட்லிப்பூ, அதாவது வெட்சிச் செடி இருக்கும். அதுவும் சற்று அமில மண்ணை விரும்புவது. சிமெண்டும் சுண்ணாம்பும் உதிர்ந்த சுவரோர மண்ணில் அதன் தளிர்கள் நரம்பு மட்டும் பச்சையாக, மற்ற பகுதி மஞ்சளாக இருப்பதைப் பல இடங்களில் காணலாம். சுவரோரச் செடியையும் தள்ளி நிற்கும் செடியையும் ஒப்பிட்டுப் படம் வரையச் சொல்லுங்கள். இரண்டாம் செயல்பாட்டின் அளவீட்டோடு அந்தப் படம் பொருந்துகிறதா என்பதை மாணவர்களே முடிவு செய்யட்டும். பொருந்தாவிட்டால் வேறென்ன காரணம் இருக்கலாம் என்று யோசிப்பதும் பாடமே.

4. இசைக்கவையும் கத்தரிப்பூவும்: காலையில் புதிதாக மலர்ந்த கத்தரிப்பூவின் கீழே ஒரு கறுப்புத் தாளைப் பிடியுங்கள். இயற்பியல் ஆய்வகத்தின் இசைக்கவையை அதிரவைத்து மகரந்தப்பையில் மெல்லத் தொடுங்கள். தாளில் வெளிர்மஞ்சள் தூள் விழும். அதிராத கவையால் தொட்டும் பாருங்கள். வேறு வேறு அதிர்வெண் உள்ள கவைகளால் முயன்று எதில் அதிகத் தூள் விழுகிறது என்று குறிக்கலாம்.

5. வீட்டிலிருந்து பாடம்: செவிலிமேட்டிலும் சுற்றுப்புறத்திலும் நெசவு, சாயத் தொழில் சார்ந்த குடும்பங்கள் பல. பட்டு நூலின் பசையைப் போக்கச் சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் அவிப்பார்கள், அது காரம். சாயம் ஏற்றும்போது தொட்டியில் அமிலம் சேர்ப்பார்கள். அமிலமோ காரமோ அளவு தவறினால் நூலும் நிறமும் கெடும். பெரியவர்களிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதிவரச் சொல்லுங்கள். சாயத்தொட்டி அருகே குழந்தைகள் போகவேண்டாம் என்றும் சொல்லுங்கள். அமிலமும் காரமும் புத்தகத்தில் மட்டும் இருப்பவை என்ற எண்ணம் அன்றே மாறிவிடும்.

அப்படியானால் நடலாமா?

இணையத்தில் 'எல்லா ஊருக்கும் ஏற்றது' என்ற விளம்பரத்தோடு ப்ளூபெர்ரிக் கன்றுகள் விற்கப்படுகின்றன. வாங்குவதற்கு முன் நான்கு கேள்விகள் கேட்க மாணவர்களைப் பழக்குங்கள். எந்த வகை, அதற்கு எத்தனை மணி நேரக் குளிர் வேண்டும்? எங்கள் மண்ணின் பிஎச் என்ன? பாய்ச்சும் தண்ணீர் கடினநீரா? கோடையில் வேரைக் குளிர்ச்சியாக வைக்க முடியுமா? தொட்டியில் அமிலக் கலவை நிரப்பி நட்டாலும், பாத்திரத்தில் வெண்படலம் படியவைக்கும் கிணற்று நீரை ஊற்றிக்கொண்டே இருந்தால், சில மாதங்களில் கலவையின் அமிலத்தன்மை குறைந்துவிடும். சித்திரை வெயில் மீதியைப் பார்த்துக்கொள்ளும். பள்ளித் தோட்டத்துக்கான குறைந்த பணத்தை இதில் செலவிடுவது பொருத்தமல்ல.

அதே இடத்தில் ஒரு நாவல் கன்றும் வேலியோரம் களாச்செடியும் வைக்கலாம். களாவுக்கு அதிகத் தண்ணீர் வேண்டாம். வறட்சியையும் ஏழை மண்ணையும் தாங்கும். முள் இருப்பதால் ஆடுமாடுகள் நெருங்காது. சிறு குழந்தைகள் ஓடியாடும் பக்கத்தைத் தவிர்த்து நடவேண்டும். அதன் கருஞ்சிவப்புப் பழத்திலும் ஆந்தோசயனின் நிறைந்திருக்கிறது. ப்ளூபெர்ரி சத்தானது என்று விளம்பரத்தில் கேட்ட குழந்தை, ஆடி மாதத்தில் தெருவில் உதிர்ந்து மிதிபடும் நாவற்பழத்தைச் சத்துள்ளதாக நினைப்பதில்லை. இரண்டின் நிறத்தையும் ஒரே வேதிப்பொருள் குடும்பம் தருகிறது என்பதை அந்தக் குழந்தை தன் கையால் சோதித்து அறிந்தால், அந்த எண்ணம் தானாகவே மாறும்.

பாடத்தை முடிக்கும்போது கரும்பலகையில் ஒரு கேள்வியை எழுதி விட்டுவிடலாம்: 'செவிலிமேட்டு மண் நல்ல மண்ணா?' ப்ளூபெர்ரிக்கு அல்ல, களாவுக்கு ஆம், தேயிலைக்கு அல்ல, கத்தரிக்கு ஆம். 'எந்தச் செடிக்கு?' என்று ஒரு மாணவர் திருப்பிக் கேட்டால் பாடம் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.